ஓமுக்கு ஒரு புள்ளடி

பேணாட் மாஸ்டர் அவுஸ்திரேலியா போகிறார் என்று கேள்விப்பட்டபோது ஜெஸ்மின் சந்தோசப்பட்டாள். அந்தச் சந்தோசத்தில் நல்லெண்ணம் ஒரு துளியும் இல்லை. பதினொரு வருசமாக ஒருவரைக் கறுவிக்கொண்டிருப்பவளுக்கு, அந்த ஆளே தன் காலால் நடந்து வரப்போகிறார் என்றால் வேறென்ன தோன்றும்?

வரத்தான் வேண்டும். திருகோணமலையில் முதல் தடவை வெளிநாடு போகிறவர்கள் உட்துறைமுக வீதியில் இருக்கிற அவளுடைய ஒற்றை அறைக் கந்தோருக்கு வராமல் போவது குறைவு. டிக்கெட்டை யாரும் போட்டுக் கொடுக்கலாம், விசாப் படிவத்தை யாரும் நிரப்பலாம். ஜெஸ்மின் கொடுப்பது அதற்குப் பிறகான ஒரு மணித்தியால வகுப்பு. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் எந்த வரிசையில் நிற்பது, சிங்கப்பூரில் விமானம் மாறும்போது வெளியே போகிற கூட்டத்துக்குப் பின்னால் ஏன் போகக்கூடாது, விமானத்துக் கழிப்பறைக் கதவை எப்படித் திறப்பது என்று, கேட்க வெட்கப்படுகிற கேள்விகளுக்கெல்லாம் கேட்காமலே பதில் சொல்லிவிடுவாள். கிண்ணியாவிலிருந்து மக்காவுக்கு உம்றா போகிறவர்களும் வருவார்கள், கனடாவுக்கு மகனைப் பார்க்கப் போகிற சம்பூர் ஆட்களும் வருவார்கள். இத்தனை பேரை அனுப்பி வைத்தவள் இன்னும் ஒரு தடவைகூட விமானம் ஏறியதில்லை. அதற்குக் காரணம் பேணாட் மாஸ்டர்.

பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் அஞ்சலோ என்பவன் மெல்பேணிலிருந்து மூன்று கிழமை லீவில் வந்து அவளைப் பதிவுத் திருமணம் செய்தான். வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். முதலில் பதிவு, அந்தப் பத்திரத்தை வைத்து விசாவுக்குப் போடுவது. மாதா கோயிலில் கலியாணமும் விருந்தும் விசா கிடைத்து மாப்பிள்ளை திரும்பி வந்த பிறகுதான். அதுவரைக்கும் பொம்பிளை தாய் வீட்டில் இருப்பாள். பதிவு முடிந்துவிட்டதே என்று சேர்ந்து குடியிருந்தால் எங்கள் ஊர் பாலையூற்று முழுக்கக் கதை கட்டும். பதிவாளருக்கு முன்னால் சாட்சிக் கையெழுத்து வைத்தவர்கள் இரண்டு பேர். ஒன்று அவளுடைய அம்மா. மற்றது அடுத்த ஒழுங்கையில் குடியிருக்கிற பேணாட் மாஸ்டர். அவளுக்கு ஆங்கிலம் படிப்பித்தவர், கோயில் சபையில் இருக்கிற பெரிய மனுசன். மோதிரம் வாங்க நேரம் கிடைக்காமல் அம்மாவின் மோதிரத்தைக் கழற்றி அவளுக்குப் போட்டார்கள். அது விரலில் லொடலொடவென்று ஆடியதைப் பார்த்து முதலில் சிரித்தவரும் மாஸ்டர்தான்.

ஆறு மாதத்தில் விசா மறுக்கப்பட்டது. யாரோ பெட்டிசம் போட்டிருந்தார்கள். அஞ்சலோ அங்கே ஒரு சட்டத்தரணியைப் பிடித்து அந்த மொட்டைக் கடிதத்தின் பிரதியை எடுப்பித்து அனுப்பினான். முதல் வரியிலேயே ஜெஸ்மினுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. கனத்த இதயத்தோடும் தெளிந்த மனச்சாட்சியோடும் இந்தப் பேனாவை எடுக்கிறேன் என்று தொடங்குகிற ஆங்கிலம். தெருநாய்த் தொல்லையைப் பற்றி நகரசபைக்கு முறைப்பாடு எழுதுவது எப்படி என்று பத்தாம் வகுப்பில் மாஸ்டர் கரும்பலகையில் எழுதிப்போட்ட அதே வாக்கியம். நாய்களுக்கு எழுதியதையே அவளுக்கும் எழுதியிருந்தார்.

கடிதத்தில் பொய் என்று ஒன்றுகூட இல்லை. அதுதான் அவள் வயிற்றை எரித்தது. கோயிலில் கலியாணம் நடக்கவில்லை, உண்மை. பொம்பிளையும் மாப்பிள்ளையும் ஒருநாளும் சேர்ந்து குடியிருக்கவில்லை, உண்மை. மோதிரம்கூட இரவல், அதுவும் உண்மை. எங்கள் வழக்கம் தெரியாத அதிகாரி இதை வாசித்தால் விசாவுக்காகச் செய்த கள்ளக் கலியாணம் என்று நினைக்காமல் என்ன செய்வார்? மாஸ்டருக்கு அப்போது கலியாண வயதில் ஒரு மகள் இருந்தாள். தன் மகளுக்கு முன்னால் பக்கத்து ஒழுங்கைக்காரி பிளேன் ஏறக்கூடாது. அவ்வளவுதான் விசயம், அதற்கு மேல் தோண்டினாலும் ஒன்றும் கிடைக்காது. அஞ்சலோ இரண்டு வருசம் மல்லுக்கட்டினான். பிறகு களைத்துப்போய், பிரிந்துவிடுவோம் என்று கேட்டான். அவள் கையெழுத்து வைத்துக் கொடுத்தாள்.

ஞாயிறு பூசை முடிந்து வரும்போது மாஸ்டர் இன்றைக்கும் "எப்படிப் பிள்ளை சுகம்?" என்று கேட்பார். அவளும் "சுகம் சேர்" என்பாள். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

இப்போது மாஸ்டரின் மகள் தினுஷா அதே மெல்பேணில் இருக்கிறாள். முதல் பிள்ளை பிறந்து இருபது நாள். மாஸ்டரின் மனைவி மரியம்மாவுக்கு முழங்கால் வருத்தம், பயணம் ஏலாது. பேத்தியைப் பார்க்க மாஸ்டர் தனியாகப் போகிறார்.

ஜெஸ்மின் போட்ட திட்டம் சின்னது. அவுஸ்திரேலியாவில் இறங்குவதற்கு முன்னால் விமானத்தில் ஒரு அட்டை தருவார்கள். உணவுப் பொருள் கொண்டு வருகிறீர்களா, செடி, வேர், விதை ஏதும் உண்டா என்று கேட்டிருக்கும். ஓம் என்ற பெட்டியிலோ இல்லை என்ற பெட்டியிலோ புள்ளடி போட வேண்டும். ஓம் என்று போட்டுத் திறந்து காட்டினால், கூடாததை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு ஆளைப் போகவிடுவார்கள். இல்லை என்று போட்டு அகப்பட்டால் தண்டம் கட்ட வேண்டும், விசாவே பறிபோய்த் திரும்பி வரவும் நேரும். சந்தேகம் வந்தாலும் ஓமுக்குப் போடுங்கோ என்றுதான் அவள் எல்லோருக்கும் சொல்வாள். மாஸ்டருக்கு மட்டும் இல்லைக்குப் போடச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு பொய்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மாஸ்டர் வந்தார். கொப்பி, பேனா, மூக்குக் கண்ணாடி, எல்லாம் தயார். கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"பாஸ்போட்டும் கடுதாசியளும் கைப்பையில சேர், சூட்கேசுக்குள்ள போட வேண்டாம்," என்று ஜெஸ்மின் தொடங்கினாள். "மகளின்ட விலாசம், போன் நம்பர் ரெண்டையும் ஒரு துண்டில எழுதிச் சட்டைப் பையில வையுங்கோ. போனில இருக்கெண்டு விடாதேங்கோ, அது சார்ஜ் இல்லாமப் போனா நடுத்தெருவில நிப்பீங்கள்."

மாஸ்டர் எழுதினார். "மருந்துக் குளிசையள்?"

"டொக்டரின்ட துண்டோட, பெட்டியில இருக்கிறபடியே கொண்டு போங்கோ. பேப்பரில சுத்தாதேங்கோ. அங்க இப்ப குளிர் காலம், சுவெற்றர் கையில இருக்கட்டும். ஆராவது என்ட மகனிட்டக் குடுங்கோ எண்டு பார்சல் தந்தா வாங்கவே வேண்டாம். அதிகாரி கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ. எத்தினை நாள் நிப்பீங்கள் எண்டு கேட்டா நாளைச் சொல்லுங்கோ, குடும்பக் கதை எடுக்காதேங்கோ."

ஒவ்வொன்றையும் எழுதிவிட்டு மாஸ்டர் ஏன் என்று கேட்டார். பிறகு, "வான்காரன் அன்ஸார் சுவெற்றர் தேவையில்லை எண்டவன்," என்றார்.

"அன்ஸார் எயாப்போட்டு வாசலோட திரும்பி வாற ஆள் சேர்."

"இல்லைப் பிள்ளை, எதையும் ரெண்டு பேரிட்டக் கேக்கிறது என்ட பழக்கம். ஒருத்தன் வலிய வந்து ஒண்டைச் சொன்னா, அதில அவனுக்கு என்ன லாபம் எண்டு பாக்க வேணும். சும்மா நல்லது செய்யிறவன் உலகத்தில இல்லை." சொல்லிவிட்டுத் தன் புத்தியைத் தானே மெச்சிச் சிரித்தார்.

ஜெஸ்மின் சிரிக்கவில்லை. அந்த வார்த்தை அவளுக்குள் போய்த் தைத்துக்கொண்டது. மேசையைப் பார்த்தபடி கேட்டாள்: "சாப்பாட்டுச் சாமான் ஏதும் கொண்டு போறீங்களோ?"

மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "மகள் ஒண்டும் கொண்டு வரப்படாது எண்டு கண்டிப்பாச் சொன்னவள். அதுக்காகப் பிள்ளை பெத்தவளிட்ட வெறுங்கையோட போறதோ? மரியம்மா சரக்குத்தூள் இடிச்சு வச்சிருக்கிறா. இறக்கக்கண்டியில சொல்லி வச்சுப் பால்சுறாக் கருவாடு ரெண்டு கிலோ எடுத்திருக்கு. பால் சுரக்க அதை விட்டா வேறென்ன இருக்கு? பிள்ளைக்குக் கையில கட்ட வசம்பும் இருக்கு. தினுஷாவுக்குச் சொல்லேல்ல, கண்ட உடனே சந்தோசப்படுவாள்."

மகளிடம் அவர் கேட்கப் போவதில்லை. அப்போ சொன்னதைச் சரிபார்க்க அவருக்கு ஆளில்லை. பொய் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் ஜெஸ்மின் அதை விழுங்கினாள். பொய் சொன்னால் நாளைக்கு இந்த மனுசன் பாலையூற்று முழுக்க வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு திரிவார். ஊர் அவருக்காகப் பரிதாபப்படும். அவர் அவளை உண்மையால் அல்லவா வெட்டினார்? அதே கத்தி அவளிடமும் இருக்கிறது. நல்லது செய்கிறவன் உலகத்தில் இல்லை என்று நம்புகிறவருக்கு உண்மையைவிடப் பெரிய பொறி எது?

அட்டையைப் பற்றி விளக்கமாக, ஒன்றும் ஒளிக்காமல் சொன்னாள். "கொண்டு போறது குற்றமில்லை சேர், ஒளிக்கிறதுதான் குற்றம். ஓமுக்குப் புள்ளடி போடுங்கோ. சூட்கேசைத் திறந்து காட்டுங்கோ. கருவாட்டை எடுத்தாலும் எடுப்பாங்கள், உங்களை விட்டிடுவாங்கள்."

மாஸ்டர் கொப்பியில் ஓம் என்று எழுதி அதைச் சுற்றி வட்டம் போட்டார்.

"இன்னொண்டு இருக்கு," என்று ஜெஸ்மின் மேசை லாச்சியை இழுத்தாள். பதினொரு வருசமாக மடித்தே கிடந்த தாளை விரித்து அவர் முன்னால் வைத்தாள். "இதையும் ஒருக்கா வாசியுங்கோ. நல்ல இங்கிலீஷ்."

மாஸ்டர் முதல் வரியைத் தாண்டவில்லை. காது இரண்டும் சிவந்தன. "இது... இது ஆர் எழுதினதெண்டு எனக்கு..."

"கனத்த இதயத்தோட ஆரோ எழுதினது. எனக்கு அண்டைக்கே தெரியும் சேர். சும்மா காட்டினனான்." தாளை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்தாள். பிறகு அவரைப் பார்த்து, வாழ்க்கையில் யாருக்கும் சிரிக்காத அளவு இனிமையாகச் சிரித்தாள். "அட்டையை மட்டும் மறந்திடாதேங்கோ. ஓமுக்குத்தான் புள்ளடி. என்னை நம்புங்கோ."

மாஸ்டர் போய்வருகிறேன் என்றும் சொல்லாமல் எழுந்து போனார். வெளியே, திருகோணமலைத் தெருக்களில் மாடு போலத் திரிகிற மான்களில் ஒன்று சுவரொட்டியைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் நின்று அவர் கொப்பியைத் திறப்பதை ஜெஸ்மின் ஜன்னலால் பார்த்தாள். பேனாவை எடுத்தார். ஒரு இடத்தில் அழுத்திக் குறுக்கே வெட்டினார், பிறகு இன்னொரு தரம் வெட்டினார். ஓடிப்போய், சத்தியமாக ஓம்தான் சேர் என்று அவளால் சொல்லியிருக்க முடியும். கதிரையை விட்டு அவள் அசையவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இதைச் சொல்ல வேண்டி வந்தால் எப்படிச் சொல்வது என்று மட்டும் ஒரு நிமிசம் யோசித்தாள். சாமி, நான் ஒருத்தருக்கு உண்மையைச் சொன்னேன் என்றா?

மாஸ்டர் பயணம் போன ஐந்தாம் நாள் அன்ஸார் வானை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். "உங்களுக்குத் தெரியுமா, மாஸ்டரை நேத்துத் திருப்பி ஏத்திக்கொண்டு வந்தனான். கட்டுநாயக்காவில இருந்து வீட்டு வாசல் வரைக்கும் மனுசன் ஒரு சொல்லுக் கதைக்கேல்ல."

ஜெஸ்மின் அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். சந்தோசமாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைப்பது? அன்றைக்கு அவள் இரண்டு தரம் சாப்பிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை மாஸ்டரே வந்தார். சவரம் செய்யாத முகம். கொப்பி இல்லை. அவள் இருக்கச் சொல்லாமலே கதிரையில் உட்கார்ந்தார்.

"மணம் பிடிக்கிற ஒரு சின்ன நாய், பிள்ளை," என்றார். "பெல்ட்டில இருந்து சூட்கேசை எடுத்துக்கொண்டு வாறன், அது வந்து பக்கத்தில குந்திட்டுது. அசையுதில்லை. பிறகு எல்லாத்தையும் கொட்டினாங்கள். அட்டையைக் காட்டி, ஏன் இல்லை எண்டு போட்டாய் எண்டு திரும்பத் திரும்பக் கேட்டாங்கள்."

நாய்களைப் பிடிக்கச் சொல்லி எழுதப் படிப்பித்தவரை நாய் பிடித்திருக்கிறது. ஜெஸ்மின் முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருக்கப் பெரும் பாடுபட்டாள்.

"தினுஷா வெளியில பிள்ளையோட நிண்டவள். நடுவில ஒரு சுவர்தான். போனில கதைக்க விட்டாங்கள். பிள்ளை அழுதது கேட்டுது." மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "மூண்டு வருசத்துக்கு விசா இல்லையாம். மரியம்மா இடிச்ச தூளைக் குப்பைத் தொட்டியில கொட்டினதை அவவிட்ட இன்னும் சொல்லேல்ல."

அந்தக் கடைசி வார்த்தை ஜெஸ்மினைக் குத்தியது. மரியம்மா அவளுக்கு ஒரு குறையும் செய்ததில்லை. குத்தட்டும் என்று விட்டாள். அவளுடைய அம்மாவுக்கும்தான் அப்போது குத்தியது.

"நான் என்ன சொன்னனான் சேர்? ஓமுக்கெண்டுதானே?"

"ஓம்."

"பிறகு ஏன் இல்லைக்குப் போட்டீங்கள்?"

மாஸ்டர் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தார். "அந்தக் கடிதத்தைக் காட்டினாப் பிறகு... நீ என்னைப் பழி வாங்கப் பொய் சொல்லுறாய் எண்டு நினைச்சன்."

பழி என்பதைச் சரியாகத்தான் நினைத்திருக்கிறார். பொய் என்பதில்தான் பிழைத்துவிட்டார்.

"பிள்ளை, நான் செய்தது பிழைதான்," என்றார் மாஸ்டர். "அதை நீ மனசில வச்சிருக்காத. இப்ப எனக்கு ஒரு உதவி செய். தெரியாமச் செய்திட்டன், பேத்தியைப் பாக்க விடுங்கோ எண்டு அவங்களுக்கு ஒரு கடிதம் எழுதித் தா. மூண்டு வருசத்தில நான் இருப்பனோ தெரியாது."

ஜெஸ்மின் லாச்சியைத் திறந்தாள். வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அதன் மேல் தன் பேனாவை மூடியைக் கழற்றி வைத்தாள்.

"நீங்களே எழுதுங்கோ சேர்," என்றாள். "நீங்கள் எழுதினா அவங்கள் நம்புவாங்கள்."