கடிகாரக்காரரின் வலது கால்

கடிகாரக்காரர் தம்முடைய ஸ்டீல் கிட்டாருக்கு வால்யூம் பெடல் வாங்கிய மூன்றாம் நாள், மாலை ஐந்தே காலுக்கு, அவர் மனைவியின் அண்ணன் நாற்காலியை விட்டு இரண்டேகால் அடி எழும்பினார். கையிலிருந்த செய்தித்தாளை மடிக்கக்கூட இல்லை. வணிகர் சங்கத்துக்குப் பதினோரு ஆண்டுகளாகத் தலைவர். தங்கை வீட்டு முன்னறைக்குத் தற்காலிகமாக வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இப்படி ஒன்று தமக்கு நேர இவ்வளவு தாமதமானதுதான் அவருக்கு வியப்பு.

நடந்தது இவ்வளவுதான். மடிமேல் படுக்கவைத்து, தந்திமேல் இரும்புத் துண்டை நகர்த்தி வாசிக்கும் அந்தக் கிட்டார் எவ்வளவு பலமாகக் கேட்டதோ அவ்வளவு உயரத்தில் தலைவர் இருந்தார். ஓசை தேய்ந்தால் இறங்கினார். தந்தியைத் தட்டிய கணத்திலிருந்தே ஓசை தேயத் தொடங்கும். தேயத் தேயப் பெடலை அழுத்திக்கொடுத்தால் அதே அளவில் நீண்டு நிற்கும். அதனால் பாதி மிதியில் தட்டிவிட்டு, மீதியைக் கையிருப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் கடிகாரக்காரரின் வலது கால் இருபத்திரண்டு வருடமாகச் சுவர்க் கடிகாரங்களோடு சேர்ந்து தாளம் போட்ட கால். பெடல்மேலும் அதையே போட்டது. முதல் வாரம் முழுக்கத் தலைவர் நொடிக்கு ஒரு தடவை கூரையில் தலையை இடித்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை, கொல்றதுன்னா ஒரே அடியா கொன்னுடுங்க. தவணை முறையில வேண்டாம்."

"கால் என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது, மச்சான்."

"இந்த வீட்ல வேற யாரு கேக்கறாங்க?"

கடிகாரக்காரரின் மனைவி தையல்காரி. மோட்டார் வைத்த மெஷினைப் பாதத்தால் ஓட்டிப் பழகியவள். "தட்டாதீங்க, அழுத்துங்க. உங்களை மாதிரி நான் மிதிச்சா சட்டைக்கு மூணு கை வந்துடும்" என்று சொல்லி, தினமும் ஒரு மணி நேரம் கணவரின் குதிகாலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். நான்கு மாதத்தில், தலைவர் கையிலிருக்கும் தேநீர் சிந்தாமல் ஏறி இறங்குகிற அளவுக்குக் கால் தேறியது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் சங்கத்தின் புதுக் கட்டடத் திறப்பு விழா வந்தது. திறந்தவெளி மேடை, நானூறு நாற்காலி, தலைவரே எழுதிய ஐம்பது நிமிட உரை. "இனி நாம் உயர்வோம்" என்ற வரியில் தாம் பத்தடி உயர வேண்டும் என்றார் அவர்.

"எனக்குன்னு இருக்கறது ஒரு அண்ணன், ஒரு புருஷன். ரெண்டு பேரும் சேர்ந்து எந்தக் கூரையும் இல்லாத இடமாப் பாத்துப் பிடிச்சிருக்கீங்க" என்றாள் தையல்காரி. தலைவர் உரையில் ஒரு காற்புள்ளியைத் திருத்திக்கொண்டிருந்தார்.

விழாவில் கிட்டாரை மேடைக்காரரின் ஒலிபெருக்கிகளோடு இணைத்திருந்தார்கள். ஆளுயரத்துக்கு எட்டு. வீட்டிலிருந்த ஒலிப்பெட்டி ஒரு முழம். அந்த வித்தியாசத்தை ஒருவரும் யோசிக்கவில்லை. குறித்த வரி வந்ததும் கடிகாரக்காரர் பாதி மிதியில் தந்தியைத் தட்டினார். தலைவர் பத்தடியில் நிற்காமல், கட்டடத்தின் மூன்றாம் மாடி ஜன்னலைத் தாண்டிப் போனார். பதறிய கால் பெடலைக் கடைசி வரை மிதித்துவிட்டது. தலைவர் மொட்டை மாடிக்கு மேலே, மின்கம்பிகளுக்கு ஒரு கை கீழே நின்றார்.

இனி அழுத்த மிச்சமில்லை. தந்தி தேய்ந்துகொண்டிருந்தது, தலைவர் ஒரு மாடி அளவு சரிந்தார். முழு மிதியில் மறுபடி தட்டினால் கம்பியில் போய் மோதுவார். தட்டாவிட்டால் நான்கைந்து நொடியில் சிமெண்ட் தரை. கடிகாரக்காரரின் கை உறைந்தது. பயம் வந்ததும் கால் மட்டும் பழைய வேலைக்குத் திரும்பி, டிக் டிக் என்று அடிக்கத் தொடங்கியது. மேலே தலைவர் குலுங்கினார்.

தையல்காரி மேடைமேல் ஏறி, மண்டியிட்டு, அந்தக் குதிகாலை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"மேல பாக்காதீங்க. என்னைப் பாருங்க. பாதிக்கு இழுக்கறேன், அதே நேரம் தட்டுங்க. மெதுவா. ம்."

தட்டினார். தலைவர் இரண்டாம் மாடி ஜன்னலுக்கு நேராக நின்றார்.

"இப்ப அழுத்துங்க. விளிம்பு தைக்கிற மாதிரி. போதும். அடுத்தது இதை விடச் சன்னமா."

பதினேழு தட்டல்கள். ஒவ்வொன்றும் முந்தியதை விட ஒரு விரல்கடை மெதுவானது. தையல்காரியின் முழங்கால் பலகையில் உரசி ரத்தம் வந்தது, அவள் கை அசையவில்லை. இத்தனை நேரமும் தலைவர் பேசிக்கொண்டேதான் இருந்தார். மைக் கீழே இருந்ததால் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அவருடைய உரைகளிலேயே ஒருவரும் எழுந்து போகாத உரை அது ஒன்றுதான்.

தரையைத் தொட்டதும் தலைவர் அங்கேயே உட்கார்ந்தார். உரைத்தாள்கள் எங்கோ பறந்துவிட்டிருந்தன.

"கீழ யாரு பிடிச்சிருந்தது?"

"நான்தான்ணா."

"அதான் குலுக்கல் நின்னுது" என்றார். பிறகு கைக்குட்டையை எடுத்துத் தங்கையின் முழங்காலில் கட்டினார். அவர் அப்படி ஒன்றைச் செய்து யாரும் பார்த்ததில்லை.

அடுத்த தேர்தலில் அவர் நிற்கவில்லை. முன்னறையில் தற்காலிகம் தொடர்ந்தது. கடிகாரக்காரரின் கால் தாளத்தை இடது பக்கத்துக்கு மாற்றிக்கொண்டது. வலது கால் அழுத்த மட்டும் செய்தது. பத்தொன்பது வருடங்களில் ஒரு தடவைகூட அது தவறவில்லை. மாலை ஐந்து மணிக்குக் கிட்டாரை எடுத்ததும், யாரும் சொல்லாமலே தலைவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஒட்டடைக் கம்பைக் கையில் எடுத்துக்கொண்டு அறை நடுவில் வந்து நிற்பார். அந்த வீட்டில் கடைசிவரை ஏணி வாங்கவில்லை. பல்பு மாற்ற ஏணி கேட்டு வரும் பக்கத்து வீட்டாரிடம், ஐந்து மணிக்கு மேல் ஒலிப்பெட்டியையும் நீளமான ஒயரையும் கொடுத்துத் தலைவரை அனுப்பிவைக்கிறோம் என்று சொல்வார்கள்.