நான்காவது டிரான்சிஸ்டர்

என் ஹெட்போன் ஆம்ப்ளிஃபையருக்கு நான்கு டிரான்சிஸ்டர் வேண்டும். மூன்று வந்து சேர்ந்துவிட்டன. நான்காவதன் வீட்டார் என்னை நேரில் பார்க்க வேண்டும் என்கிறார்கள். அது நியாயம்தான். அந்த ரகத்தைச் செய்வதை நிறுத்திப் பதினெட்டு வருஷமாகிறது. மிச்சமிருப்பவை எல்லாம் நல்ல குடும்பங்களில் இருக்கின்றன. கேட்டதும் நிறுத்துக் கொடுக்க அவை என்ன வெண்டைக்காயா?

பார்ட்ஸ் கடை அமானுல்லா பாய்தான் இடம் பார்த்துச் சொன்னார். பூ, பழம், வெற்றிலையோடு அவர் கூடப் போனேன். கடையின் பின்கதவைத் திறந்தால் ஒரு நடை. நடக்க நடக்க நீண்டது. நடுவில் ஒரு பஸ் ஸ்டாப்கூட இருந்தது. பஸ்ஸை நம்பினால் நல்ல நேரம் தப்பிவிடும் என்று நடந்தே போனோம்.

"பாய், ஒண்ணை எரிச்சது இவங்களுக்குத் தெரியுமா?"

"நீங்களா வாயைக் குடுக்காதீங்க சார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்பாங்க. நீங்க ஒரே ஒரு உண்மையை மறைச்சாப் போதும்."

போன மாசம் ஒன்றை எரித்துவிட்டேன். டிரான்சிஸ்டருக்கும் அலுமினியத் தகட்டுக்கும் நடுவில் மின்சாரம் தாவாமல் தடுக்க மைக்காத் தாள் வைக்க வேண்டும். மறந்துபோனேன். சுவிட்சைப் போட்டதும் 'டப்'. கொஞ்சூண்டு புகை. ஐந்து மாச அலைச்சல் அதோடு போச்சு. அன்று தரையில் உட்கார்ந்து அழுதேன். சொல்வதற்கு என்ன வெட்கம்.

அந்த வீட்டில் கேசரியும் பஜ்ஜியும் வைத்தார்கள். பெண்ணின் அம்மா சமையலறை வாசலில் நின்றார். தாய்மாமன் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். வாட்டசாட்டமானவர். ஒவ்வொரு கேள்விக்கு முன்னாலும் சற்று இரைந்தார்.

"உங்க வீட்ல எத்தனை வோல்ட் சம்பந்தி?"

"ஐந்நூத்தி எண்பது."

"அம்மாடி. அவ்வளவு எதுக்கு?"

"இந்த ஹெட்போன்ல காந்தம் கிடையாது. மெல்லிசா ஒரு தாள்தான். அவ்வளவு வோல்ட் குடுத்தாத்தான் அது வாயைத் திறக்கும். ஊசி விழுந்தா எந்த முனை முதல்ல விழுந்துச்சுன்னு சொல்லிடும்."

"ஊசி சத்தம் கேக்கவா இவ்வளவு பாடு?"

"இல்லை. என் சம்சாரம் பேசினதைக் கேக்கணும்."

உள்ளதைச் சொன்னேன். ஆறு மாசத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாமரை வாசல் கதவருகே நின்று ஏதோ சொன்னாள். நான் பழைய ஹெட்போனை மாட்டிக்கொண்டிருந்தேன். காதில் விழவில்லை. மறுபடி நிமிர்ந்து பார்த்தபோது அவள் இல்லை. சாத்தூரில் அம்மா வீட்டில் இருக்கிறாளாம். நல்லவேளை, புது மைக்கைச் சோதிக்க ரெக்கார்டரை ஓடவிட்டிருந்தேன். அந்தப் பதிவை எதில் போட்டாலும் மின்விசிறிதான் கேட்கிறது. அதற்கு அடியில் அவள் இருக்கிறாள்.

"ஒரு போன் பண்ணிக் கேட்டுடலாமேண்ணே?" என்றார் பெண்ணின் அம்மா.

"என்ன சொன்னேன்னு கேட்டா, அன்னிக்கு நான் கேக்கலைன்னு தெரிஞ்சுடுமேம்மா."

அதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

தாய்மாமன் பலமாக இரைந்தார். "இதுக்கு முன்னாடி யாரையாவது எரிச்சிருக்கீங்களா?"

பாய் கேசரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இந்த இடமும் தட்டிப்போனால் ஊரில் வேறு இடமே இல்லை. ஆனாலும் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு மனசு வரவில்லை.

"ஒண்ணை எரிச்சிருக்கேன். மைக்கா வைக்க மறந்துட்டேன்."

"ஏன் மறந்தீங்க?"

"அவசரம். அவ என்ன சொன்னான்னு உடனே தெரியணும்னு இருந்துச்சு."

அந்த அம்மா விருட்டென்று உள்ளே போனார். எல்லாம் முடிந்தது என்று நான் செருப்பைத் தேடினேன். அவர் ஒரு எவர்சில்வர் டப்பாவோடு திரும்பி வந்தார். உள்ளே பெண் இருந்தாள். கறுப்பு, மூன்று கால், நல்ல லட்சணம். டப்பா நிறைய மைக்காத் தாள்.

"இது சீர். இனிமே மறக்கக் கூடாதுண்ணே," என்றார்.

பெண்ணைத் தனியாக அனுப்ப மாட்டோம் என்று எல்லோரும் கூடவே கிளம்பினார்கள். திரும்பும்போது நடை நாலே அடிதான் இருந்தது.

என் வீட்டில் மேஜையைச் சுற்றி நின்றார்கள். சாலிடர் வைத்தேன். மைக்காவை மூன்று தடவை தொட்டுப் பார்த்தேன். அந்த அம்மா நான்காவது தடவை தொட்டுப் பார்த்தார். சுவிட்சைப் போட்டேன். எதுவும் வெடிக்கவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவை ஓடவிட்டேன்.

முதலில் மின்விசிறி. அதன் மூன்று இறக்கைகளும் தனித்தனியாகக் கேட்டன. பிறகு அவற்றை விலக்கிக்கொண்டு அவள் குரல் வந்தது.

"என்னண்ணே சொல்றாங்க?"

"'நான் போயிடட்டுமா'ன்னு கேக்குறா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தலையாட்டினேன்."

ஹெட்போன் மாட்டியிருக்கும்போது அவள் எதைச் சொன்னாலும் தலையாட்டுவேன். பாவி நான், இதற்குமா ஆட்டினேன்.

பதிவு ஓடிக்கொண்டேயிருந்தது. அதில் அவள் இன்னும் போகவில்லை. கதவருகே நின்றுகொண்டிருந்தாள். மூச்சு கேட்டது. வளையல் தாழ்ப்பாளில் உரசியது.

"பாத்துட்டே இருக்கீங்களே சம்பந்தி," என்றார் தாய்மாமன். "பதில் சொல்லுங்க."

"போகாதே தாமரை," என்றேன்.

கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும் ஓடியது. தாய்மாமன் இரைச்சலை அடக்கிக்கொண்டு நின்றார்.

பிறகு செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. முதலில் இடது காதில். அப்புறம் வலது காதில்.