அம்மனின் முதுகில் தாமரை

கண்ணுகளா, அந்தக் கோயிலின் கதை சின்னதுதான். துணி துவைத்துப் பிழைத்த ஒருத்தி, வெள்ளம் வந்த நாளில் இரண்டு பிள்ளைகளையும் இடுப்போடு கட்டிக்கொண்டு, தன் துவைக்கும் கல்லைப் பிடித்துத் தொங்கினாள். கல் அசையவில்லை. தண்ணீர் வடிந்ததும் அதை நிமிர்த்தி நட்டு, தன் சேலையையே சுற்றிவிட்டு, "தாயே, இனி உன்மேல துணி அடிக்க மாட்டேன்" என்றாள். அவ்வளவுதான், கல் அம்மனாயிற்று. கூரை பிறகு வந்தது, கோபுரம் அதற்கும் பிறகு. கோபுரம் வந்ததும் கோயில் கமிட்டித் தலைவர் என்று ஒருவரும் வந்து சேர்ந்தார்.

அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் கசக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன். சந்நிதிக்கு வந்தால் அம்மனைப் பார்க்கமாட்டார். தன்னை யார் யார் பார்க்கிறார்கள் என்றுதான் பார்ப்பார். கோயிலுக்குக் கொடுத்த மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் தன் பெயரை எழுதிவைத்தார். சுற்றினால் பெயர் தெரியவில்லை என்று, வெயில் கொளுத்தும்போதும் அதை நிறுத்தியே வைக்கச் சொன்ன மகராசர்!

துவைத்தவளின் கொள்ளுப்பேத்தி கோயிலுக்கு எதிரே இஸ்திரிக் கடை வைத்திருந்தாள். கருவறைச் சாவி வழிவழியாக அவர்கள் வீட்டில்தான். வாரம் ஒருமுறை கதவைச் சாத்திக்கொண்டு, அம்மனைத் தேய்த்துக் குளிப்பாட்டிச் சேலை மாற்றுவாள். வேறு யாரும் தொட்டதில்லை. பூசாரிகூட விளக்கோடு சரி.

அந்தச் சாவியைத் தன் வீட்டு ஆணியில் மாட்டத் தலைவருக்கு ஆசை. அதற்காகவே ஒரு தலவரலாறு எழுதி அச்சடித்து, கோயில் வாசலில் கூட்டம் கூட்டித் தானே வாசித்தார். அவருடைய தாத்தாவின் கனவில் அம்மன் வந்தாளாம். 'என் முதுகில் தாமரை இருக்கும், அதுவே அடையாளம்' என்றாளாம். தாத்தா போய்த் தோண்டி அம்மனை எடுத்தாராம். ஒரு செடி வைக்கக்கூடக் குழி தோண்டாத மனிதர் அந்தத் தாத்தா!

"ஆகையால சாவி எங்க வீட்டுக்கு வரணும்" என்று கையை நீட்டினார்.

இஸ்திரிக்காரி இடுப்பிலிருந்த சாவியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "தாமரை எந்தப் பக்கம் இருக்குங்க ஐயா?"

"இடது தோளுக்குக் கீழ. தெரியாத மாதிரி கேக்கிறியே?"

"நாப்பது வருஷமாத் தேய்க்கிறேன், ஒரு இதழைக்கூடப் பாத்ததில்லையே."

"அப்ப சேலையை எடு! எல்லாரும் பாக்கட்டும்."

இஸ்திரிக்காரி வாசற்படியில் குறுக்கே வந்து நின்றாள்.

"உங்க வாய்ச்சவடாலுக்காக எங்க ஆத்தாளை இத்தனை ஆம்பளைங்க முன்னால நிக்கவைக்கணுமா? சாவி போனாலும் போகட்டும், அது நடக்காது." சாவியைப் படியில் வைத்தாள்.

தலைவர் குனிவதற்குள் வேறொரு கை அதை எடுத்துவிட்டது. அவருடைய மனைவி! கல்யாணமான நாள் முதல் அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிய புண்ணியவதி.

"பொம்பளைங்க பாக்கலாம்ல? வாக்கா" என்று இஸ்திரிக்காரியை இழுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

வெளியே வந்தபோது அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "தாமரையும் இல்ல, மொட்டும் இல்லங்க. நம்ம வீட்டுத் துவைக்கிற கல்லு மாதிரியே சரிஞ்சு, வழவழன்னு தேஞ்சிருக்கு."

ஒருவர் களுக்கென்றார். பிறகு கூட்டமே சிரித்தது.

தலைவர் விடுவாரா? "இருந்துச்சு! இவளும் இவ பரம்பரையும் தேச்சுத் தேச்சே தாமரையை அழிச்சுட்டாங்க!"

"அப்படிச் சொல்லுங்க" என்றாள் மனைவி. "தாமரையே அழியுற அளவுக்கு அவங்க கைதான் பட்டிருக்குன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. உங்க தாத்தா கை எங்க பட்டுச்சு?"

மனைவி சாவியை இஸ்திரிக்காரியின் முந்தானையில் முடிந்துவிட்டாள்.

"புழுக்கம் தாங்கல" என்று பூசாரி எழுந்துபோய் விசிறியைப் போட்டார். மூன்று இறக்கைகளிலும் இருந்த பெயர் ஒரு சுற்றில் காணாமல் போனது. அன்றுதான் அந்தக் கோயிலில் முதன்முதலாகக் காற்று வந்தது.