குறை சொல்ல வேண்டியவள்

"பாகம் இரண்டு எங்கே அக்கா?" என்று யூடியூபில் கேட்காத ஆளில்லை. தேன்மொழி ஒருவருக்கும் பதில் போடவில்லை.

அக்காளும் தங்கையும் சேர்ந்து நடத்திய சேனல் அது. ஜப்பான் அனிமே தொடர்களைப் பார்த்துவிட்டுத் தமிழில் அலசுவார்கள். நிறைகளைத் தங்கை முத்துராணி சொல்வாள். குறைகள் தேன்மொழியின் பங்கு. "நாக்குல வேப்பெண்ணெய் தடவிக்கிட்டுப் பொறந்தவ நீ. உனக்குக் குறை சொல்லத்தான் வரும்" என்று கேலி செய்வாள் முத்துராணி.

கடைசியாக எடுத்துக்கொண்டது ஹினோ, சாயோ என்ற இரண்டு பெண்களின் கதை. சிறு வயதிலேயே ஒரு கூட்டம் தூக்கிக்கொண்டு போய் வளர்த்து, கூலிக்குக் கொலை செய்யப் பழக்கிய பெண்கள். முத்துராணி தன் பங்கைப் பேசி முதல் பாகமாகப் போட்டுவிட்டாள். மழையில் நனையும் நகரத்தை வரைந்திருக்கிற அழகு, பேச்சே இல்லாமல் இசை மட்டும் ஓடுகிற சண்டைகள், ஒருத்தி முதுகுக்கு இன்னொருத்தி காவல் நிற்பது என்று அடுக்கினாள். "இவளுகளுக்கு அப்பன் ஆத்தா கிடையாது, ஊரு கிடையாது. ஆனா ஒருத்திக்கு ஒருத்தி இருக்கா. அது போதும்லா?" என்று கேமராவைப் பார்த்துச் சிரித்து முடித்திருந்தாள்.

அந்த வாரமே அவளைப் பிணமாக ஆற்றிலிருந்து தூக்கினார்கள்.

ஆழ்வார்திருநகரிக்கு மேற்கே, தாமிரபரணிக் கரையில் அவர்கள் ஊர். எலியேசர் என்ற பையனோடு முத்துராணி பழகுவது தெரிந்ததிலிருந்து வீட்டில் ரகளைதான். "பைய பேசித் தீத்துக்கிடுவோம், வா" என்று அண்ணன் மணிராஜ் அவளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனதைத் தேன்மொழி வாசலில் நின்று பார்த்தாள். மணிராஜ் தனியாகத் திரும்பி வந்தான். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

கால் தவறி விழுந்துவிட்டாள் என்றது ஊர். புதிதாக வந்திருந்த பெண் இன்ஸ்பெக்டருக்கு மட்டும் அது தொண்டையில் இறங்கவில்லை. "வெள்ளிக்கிழமை ஸ்டேஷனுக்கு வாம்மா. நீ கண்ணால பார்த்ததை மட்டும் சொல்லு. மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்" என்று தேன்மொழியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

சொல்லத்தான் வேண்டும் என்று தேன்மொழி முடிவு செய்திருந்தாள். அதற்கு முன் தங்கைக்காக அந்த இரண்டாம் பாகத்தை முடித்துவிட நினைத்து, செல்போனை ஜன்னலில் சாய்த்து வைத்தாள்.

"குறைன்னு பார்த்தா, கதை நகரவே மாட்டேங்குது. ஒரே பழைய ஞாபகத்தை எல்லா எபிசோடுலயும் காட்டுதானுவ. இந்தப் பிள்ளைகளைக் கொலை செய்ய வச்ச கூட்டம் யாரு, எதுக்குன்னு கடைசிவரை சொல்லல. எல்லாத்துக்கும் மேல, சாகுறவங்களுக்கு முகமே கிடையாது. சுட்டதும் விழுதானுவ, அடுத்த காட்சி வந்துருது. செத்தவனைத் தேடி ஒரு ஆள் வரல. ஒரு அம்மா அழல..."

தேன்மொழி ரெக்கார்டிங்கை நிறுத்தினாள். அடுப்படியில் உரல் சத்தம். அம்மா இசக்கித்தாய் மாவிளக்குக்குப் பச்சரிசி இடித்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை முத்துராணிக்குக் கொடை விழா.

அந்தப் பக்கத்தில் அப்படித்தான். அகாலமாகச் செத்த கன்னிப்பெண்ணைச் சும்மா விட்டால் குடும்பத்தையே கருவறுத்துவிடுவாள். பீடம் போட்டு, பாவாடையும் வளையலும் படைத்துத் தெய்வமாக்கிவிட்டால் காவலாக நிற்பாள். யார் கையால் செத்தாளோ அவர்களே முதல் ஆளாக விழுந்து கும்பிடுவதும் உண்டு. முத்துராணியின் பீடத்துக்கு மண் சுமந்தவன் மணிராஜ்.

உச்சிப்பொழுதில் மேளம் முழங்கியது. சாமியாடும் கோமரத்தாடி கொம்பையா மாமாவின் மேல் சாமி இறங்கியது. மணிராஜ் அவர் காலைக் கட்டிக்கொண்டு கதறினான். அது நடிப்பில்லை என்பதுதான் தேன்மொழிக்குத் தாங்கவில்லை.

"எனக்கு ஒருத்தர் மேலயும் கோவம் இல்லலே!" என்றார் கொம்பையா, பெண்குரலில். "நானாத்தான் போனேன். கேசு, கோர்ட்டுன்னு என்னைய இழுக்காதிய!"

பெண்கள் குலவை போட்டார்கள். எல்லாக் கண்களும் தேன்மொழி பக்கம் திரும்பின. அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தாள்.

"நீ முத்துராணிதானா?"

"ஆமாட்டி!"

"அப்போ சொல்லு. நாம பார்த்த கதையில கடைசில செத்தது ஹினோவா, சாயோவா? அன்னைக்கு நீ சோறு தின்னாம அழுதேல்லா?"

மேளம் நின்றது. கொம்பையா விழித்தார்.

"சாமிகிட்ட கேக்குற கேள்வியாட்டி இது? கார்ட்டூன் படத்தைப் பத்தியா?" என்று ஒருத்தி அதட்டினாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். "படிக்க வச்ச திமிரு" என்றது இன்னொரு குரல். அப்பா முத்துமாலை தலையைத் தூக்கவேயில்லை. கொம்பையா சுதாரித்துக்கொண்டு, கை நிறையத் திருநீறு அள்ளித் தேன்மொழி நெற்றியில் அப்பினார். "அறியாப் பிள்ளை. மன்னிச்சிட்டேன்."

மேளம் மறுபடி முழங்கியது.

வெள்ளிக்கிழமை அம்மாவும் கூடவே கிளம்பினாள். ஸ்டேஷன் வாசல் வரை வந்தாள். படியேறப் போனவளின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உன் அண்ணன் செஞ்சது எனக்குத் தெரியாதுன்னா நினைக்க? அந்த ஈரச்சட்டையைத் துவைச்சவ நான்."

தேன்மொழி திடுக்கிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணை ஆறு கொண்டு போயிட்டு. இன்னொண்ணையும் குடுத்துட்டு நான் எதைப் பார்த்துட்டு இருப்பேன்? சாமியா நிக்கிறவளுக்கு ஒரு பொங்கலாவது போடுதேன். ஜெயில்ல இருக்கவனுக்கு என்னத்தைப் போட? நீ சொல்லித்தான் ஆவணும்னா சொல்லு. நான் இப்படியே ஆத்துக்குப் போறேன்."

வெறும் மிரட்டல் என்றால் தேன்மொழி உதறியிருப்பாள். அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தாள்.

உள்ளே இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். "பயப்படாதே. அன்னைக்கு முத்துராணி யார்கூடப் போனா?"

"தெரியாது மேடம். நான் வீட்டுக்குள்ள இருந்தேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. உன்னை விட்டா எனக்கு வேற சாட்சி இல்லை."

"நான் ஒண்ணும் பார்க்கல."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

வெளியே அம்மா படியோரம் நின்றிருந்தாள். மகள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். பஸ் ஸ்டாண்டில் அவித்த பனங்கிழங்கு வாங்கி, தோலை உரித்து, நடுநரம்பை உருவிப் போட்டு, சின்னப் பிள்ளைக்குக் கொடுப்பதுபோல் நீட்டினாள்.

"தின்னுட்டி. காலையிலயும் ஒண்ணும் தின்னல."

தேன்மொழி வாங்கி மென்றாள். விழுங்க முடியவில்லை. மென்றுகொண்டே இருந்தாள்.