ஒத்திகைக்கு வந்த கண்ணீர்

சட்டக் கல்லூரியின் இலவச உதவி அறையில், முதல் வருஷக்காரி கைக்குட்டையைக் கயிறாகத் திரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இல்லாதப்பட்டவர்களுக்காக வாதாட வேண்டும் என்ற ஆசை அவளுக்குக் கழுத்துவரை இருந்தது. ஆனால் ஆளைப் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அங்கே இளையவர்களைப் பழக்கிவிடுவது மூத்த மாணவர்களின் பொறுப்பு. வழக்கோடு வருகிறவர்போல வேஷம் கட்டி வந்து அழுவார்கள், ஏசுவார்கள், மழுப்புவார்கள். இளையவர் பேசிப் பேசி விஷயத்தைக் கறக்க வேண்டும். இவள் ஒவ்வொரு முறையும் ஊமையாகிப்போனாள். இன்றும் வாயடைத்தால் ஏதாவது கம்பெனியில் காகிதம் பார்க்கப் போய்விடுவது என்று முடிவே கட்டிவிட்டாள்.

"இன்னிக்கு உனக்கு அடையாளமே தெரியாத மாதிரி ஒரு ஆள அனுப்புறேன், இரு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள், இறுதி வருஷத்துப் பெரியக்கா.

கதவைத் தள்ளிக்கொண்டு நடுவயதுப் பெண் ஒருத்தி வந்தாள். வந்ததும் வராததுமாக அழ ஆரம்பித்தாள். "கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள வீட்டு ஓனர் பூட்டிட்டாம்மா! தையல் மெஷின் உள்ள கெடக்கு. வயித்துக்கு என்ன பண்ணுவேன்?"

நடிப்புதானே என்ற தெம்பில் இளையவளுக்குப் பேச்சு மடை திறந்தது. "உட்காருங்கம்மா, தண்ணி குடிங்க. முன்கூட்டி ஏதாவது சொன்னாரா? பூட்டுனத யாராச்சும் பார்த்தாங்களா?" மாடி வீட்டம்மா பார்த்தாளாம். சொல்லும்போதே அந்தப் பெண்ணுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. இளையவள் மனசு தாங்காமல் சொல்லியே விட்டாள்: "அழுகை பிரமாதம்மா! பெரியக்காவுக்கு இதுல கால்வாசிகூட வராது."

"என்னாது?"

அந்நேரம் தலைக்கு மாவு பூசி நரைத்திருந்த கேன்டீன்காரர், "ஐயோ, என் நெலம் போச்சே!" என்று தடியூன்றி நுழைந்தார். பின்னால் வந்த பெரியக்கா அந்தப் பெண்ணைப் பார்த்ததும், "நான் அனுப்புனது இவரைத்தானேடி!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

இளையவளுக்கு நாக்கு பழையபடி ஒட்டிக்கொண்டது. அந்தப் பெண் ஒவ்வொருவராகப் பார்த்தாள். விஷயம் விளங்கியதும் அழுத கண்ணோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அடிப்பாவி மகளே! என் அழுகைக்கு மார்க்கா போட்ட?"

"நான் பேசட்டுமாடி?" என்று பெரியக்கா நாற்காலியை நோக்கி அடியெடுத்து வைத்தாள்.

இளையவள் இடத்தை விட்டு எழவில்லை. "வேணாம்க்கா. நானே பார்க்கிறேன்." அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினாள். குரல் நடுங்கத்தான் செய்தது. "அந்த மாடி வீட்டம்மா... இப்ப வீட்ல இருப்பாங்களாம்மா?"

"இருப்பா, இருப்பா. அவ எங்க போவா" என்று அவள் நாற்காலியை மேசையோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

கேன்டீன்காரர் ஓரத்து பெஞ்சில் தடியை மடியில் கிடத்தி, தோளெல்லாம் மாவு உதிர, போன நிலத்தை மறந்து வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.