ஏழு வயதில் நின்ற குரல்

பொத்தானுக்குக் குரல் கொடுத்தவளின் குரல், அவளுக்கு முப்பத்தொன்று நடக்கும்போது ஏழு வயதில் நின்றுவிட்டது. பொத்தான் ஞாயிறுதோறும் தொலைக்காட்சியில் வரும் ஏழு வயதுக் கார்ட்டூன் பையன். ஒருநாள் ஒலிப்பதிவு முடிந்து வீட்டுக்கு வந்தவள் கணவனிடம் சாவி கேட்டாள்; அவள் வாயிலிருந்து பொத்தான்தான் கேட்டான். மருத்துவர் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, தன் பிள்ளைகளுக்காக ஒரு வசனம் பேசச் சொன்னார். அப்போது கைக்குழந்தையாக இருந்த மகள் அந்தக் குரலில்தான் தாலாட்டு கேட்டாள், திட்டு வாங்கினாள். எட்டு வயதானதும், தன்னைவிடச் சின்னக் குரலுக்கு எதற்குப் பயப்பட வேண்டும் என்று பயப்படுவதையே விட்டுவிட்டாள். தொலைபேசியில் அழைத்தவர்கள், "அம்மாகிட்ட குடு கண்ணு" என்றார்கள்.

இப்படியே இருபத்திரண்டு வருஷம் போனது. "எங்களுக்குக் கல்யாணமாகி வழுக்கையும் விழுந்தாச்சு, அவன் மட்டும் இன்னும் ரெண்டாங்கிளாஸா? அவனையும் வளர விடுங்க" என்று, பார்த்து வளர்ந்தவர்கள் கடிதம் போட்டார்கள். "என் பிள்ளைக்கும் அதே பொத்தான்தான் வேணும்" என்று வேறு சிலர் போட்டார்கள். தயாரிப்பாளர் இரண்டு கட்டுகளையும் ஒரே அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

கண்ணாடிக் கடை வைத்திருந்த கணவன் நுரையீரல் கெட்டுப் படுக்கையில் விழுந்தான். கடைசி வாரத்தில், "ஒரே ஒரு தடவை உன் குரல்ல கூப்பிடேன்" என்றான். அவள் வாயைத் திறந்தாள். பொத்தான் கூப்பிட்டான். "சரி, பரவால்ல விடு" என்று அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

கார்ட்டூனில் பொத்தான் ஒருமுறைகூட அழுததில்லை. கணவன் இறந்த அன்று, துக்கத்துக்கு வந்தவர்கள் முதன்முறையாகப் பொத்தானின் அழுகையைக் கேட்டார்கள். பொத்தானைப் பார்த்து வளர்ந்த ஒரு பேருந்து ஓட்டுநரும் ஒரு வங்கி மேலாளரும் வாசலில் நின்று தேம்பினார்கள். இறந்தவனுக்காக அல்ல என்பது அவளுக்குத் தெரிந்தது. தயாரிப்பாளர் செருப்பை மாட்டாமலே காருக்குப் போனார். இனி இவனை ஏழு வயதில் வைத்திருக்க முடியாது என்று மறுநாளே முடிவானது.

புதிய தொடரில் பொத்தானுக்கு முப்பது வயது, சவரம் செய்த முகம், வேறொருவரின் கனத்த குரல். முதல் காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குத் தொண்டை கமறியது. கணவனின் படத்தைப் பார்த்து, "என்னங்க" என்றாள். ஐம்பத்துமூன்று வயதுப் பெண்ணின் குரல், லேசான கரகரப்போடு வந்தது. கடைசி வாரத்தில் அவன் ஆசைப்பட்டுக் கேட்ட குரலும் இது இல்லை. அவளுக்குத் தெரியாமலே அதற்கும் இருபத்திரண்டு வயது கூடியிருந்தது.

சமையலறையிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். "யாரும்மா வந்திருக்காங்க?"

"யாரும் வரலடி. நான்தான்."

மகள் ஈரக் கையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "இன்னும் ஏதாவது பேசும்மா" என்றாள். என்ன பேசுவதென்று தெரியாமல் அவள் செய்தித்தாளை எடுத்து, காய்கறி விலையில் ஆரம்பித்து வானிலை வரைக்கும் சத்தமாக வாசித்தாள்.