குங்குமச் சிவப்பில் ஒரு பக்கம்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்து ஜுருவில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் வேலை பார்த்த சற்குணத்துக்கு, 1998-ஆம் ஆண்டில் ஆசை ஒன்றே ஒன்றுதான். ஜார்ஜ் டவுனில் கல்யாண மணவறை அலங்காரம் செய்யும் கனகேஸ்வரி அவனைப் புத்திசாலி என்று நினைக்க வேண்டும். நினைத்த கையோடு கல்யாணத்துக்கும் சம்மதித்துவிட்டால் ரொம்ப நல்லது.

அதற்காகவே அவள் கடைக்கு ஓர் இணையப் பக்கம் செய்துகொடுத்தான். "ஒரே மாசத்துல போன் ஓயாது பாருங்க ஆன்ட்டி," என்று அவள் அம்மா யோகலட்சுமியிடம் வீறாப்பாகச் சொல்லியும் வைத்தான். வாயைக் கொஞ்சம் மூடி வைத்திருக்கலாம்.

பக்கத்தில் இருக்கும் சொற்களைப் பார்த்துத்தான் தேடுபொறிகள் ஆட்களை அனுப்புகின்றன என்று எங்கோ படித்திருந்தான். ஊரே எதைத் தேடுகிறது? கார், காற்பந்து, லாட்டரி. ஆங்கிலத்தில் அந்தச் சொற்களைப் பக்கத்தின் அடியில் மூட்டை மூட்டையாகக் கொட்டினான். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்து. படிப்பவர் கண்ணுக்குத் தெரியாது, தேடுபொறிக்குத் தெரியும். தன் மூளையை நினைத்து அவனுக்கே புல்லரித்தது.

போன் ஓயவில்லைதான்.

"அலோ, அந்தச் செகண்ட்ஹேண்ட் கெரேத்தா இன்னும் இருக்கா?" என்று பட்டர்வொர்த்திலிருந்து ஒருவர் கார் கேட்டார். இன்னொருவருக்கு நேற்றைய ஆட்டத்தில் யார் ஜெயித்தது என்று தெரிய வேண்டியிருந்தது. கல்யாணம் என்று மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை.

"நான் மணவறை போடுறேனா, கார் விக்கிறேனா?" என்றாள் கனகேஸ்வரி.

"புதுசுதானே, கொஞ்சம் டைம் எடுக்கும்லா," என்று சமாளித்தான்.

சனிக்கிழமை கடைக்கு வந்த யோகலட்சுமி, பக்கத்தை முதல் முறையாகப் பார்த்து முகம் சுளித்தார். "என்ன தம்பி, கல்யாணக் காரியத்துக்குப் போய் வெள்ளையா? குங்குமச் சிவப்பு போடுங்க."

வருங்கால மாமியார் கேட்டு மறுப்பதா? அங்கேயே உட்கார்ந்து பின்னணியைச் சிவப்பாக்கினான். நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கும் அவசரத்தில், அடியில் கொட்டி வைத்த மூட்டையை மறந்தே போனான். கனகேஸ்வரி பக்கத்தைக் கீழே இறக்கினாள். சிவப்பின் மேல் பளிச்சென்று வரிசை கட்டி நின்றன: கார், கார், கார், லாட்டரி, லாட்டரி.

"கனகா, லாட்டரியும் விக்கிறியா நீ?" என்றார் யோகலட்சுமி.

சற்குணத்துக்கு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் போல் இருந்தது.

கனகேஸ்வரி சிரிக்கவில்லை. "மேல என்ன எழுதியிருக்க? 'மங்கல வைபவங்களுக்கான உன்னத சேவை'ன்னு இங்கிலீஷ்ல. எந்த அம்மா இப்படித் தேடுவாங்க? என்கிட்ட கேக்குறது, 'பினாங்குல மணவறை அலங்காரம் எவ்ளோ, பூவும் சேர்த்தா?' அதையே போடு. தலைப்புல ஒரு தடவை, உள்ள ஒரு தடவை. எல்லாருக்கும் தெரியுற மாதிரி."

அவன் அடியில் இருந்த மூட்டையை அழித்து, அவள் சொன்னபடியே மாற்றினான்.

சில வாரங்கள் போன் வாயே திறக்கவில்லை. பிறகு ஒரு மாலை, கடைக்குள் நுழைந்தவனிடம் அவள் சொன்னாள்: "ஈப்போவிலேருந்து ஒரு அம்மா கூப்பிட்டாங்க. ஒரே ஒருத்தர்தான். ஆனா மகள் கல்யாணத்துக்கு."

இதைவிட நல்ல நேரம் வராது என்று சற்குணம் தொண்டையைக் கனைத்தான். "கனகா, வாழ்க்கை எனும் நெடும்பயணத்தில் உன்னதமான ஒரு..."

"திரும்பவும் ஆரம்பிச்சிட்டியா? தேடுறத நேரா சொல்லுலா."

"என்னைக் கட்டிக்குவியா?"

அவள் மல்லிகைச் சரத்தைக் கீழே வைத்தாள். முகத்தில் சிரிப்பு மெல்ல எட்டிப் பார்த்தது.

"அம்மா உள்ள இருக்காங்க. போய் இதே மாதிரி சொல்லு. ஒரு தடவை போதும்."